பலகைக்குப் பின்னால் எழுதிய பெயர்

கார்க் கதவின் உள்பக்கப் பலகைக்குத் துணி மாற்ற வேண்டுமென்றால் சின்னையா வீட்டுக்குப் போ என்றுதான் ஆயர் ஈத்தாமில் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெள்ளைக்காரன் பட்டறையில் பன்னிரண்டு வருடம் குஷன் வேலை பார்த்தவன் சின்னையாதான். ஆனால் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த இரண்டாம் வருடம் மலேரியா அவன் கைகளில் நடுக்கத்தை விட்டுப்போனது. கத்திரியும் ஊசியும் மனைவி ருக்குமணியிடம் வந்தன. அவன் பாயில் கிடந்து சொல்வான், அவள் செய்வாள்.

பழைய துணியைக் கிழியாமல் உரித்து, அதையே அளவாக வைத்து, சுற்றிலும் ஓரங்குலம் கூடுதலாக வெட்ட வேண்டும். மூலையில் மடிக்கக் கூடாது. கொஞ்சம் வெட்டிவிட்டு இழுக்க வேண்டும். கைப்பிடிக்கான ஓட்டை கடைசியில். எல்லாம் முடிந்தபின் பலகையின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் தேதியும். பிரிந்து வந்தால் யார் வேலை என்று தெரிய வேண்டுமாம், பட்டறைப் பழக்கம். சின்னையாவுக்கு எழுத வராது. அதையும் அவளே எழுதினாள், அவன் பெயரை.

கந்தப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொண்டுபோகப் பெர்மிட் இருந்ததால் அவருடைய பழைய ஆஸ்டின் இன்னும் ஓடியது. நான்கு பலகைகளையும், வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிய காப்பிக் கலர்த் திரைச்சீலையையும், இரண்டு படி அரிசியையும் இறக்கிவைத்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மெல்லிய நோட்டை எடுத்தார்.

"தங்கச்சி, இந்தக் கொப்பியை ஒரு பலகையின்ர பஞ்சுக்குள்ள வைச்சு மூடிவிடுங்கோ. நாளைக்குப் பாலிக் புலாவ் போய்ச் சேருமட்டும் ஆரும் காணக்கூடாது."

ரேடியோவில் கேட்டு எழுதிய செய்திகள் என்று சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. ரேடியோ கேட்டால் தலை போகிற காலம். அவள் அரிசியைப் பார்த்தாள். எட்டு மாதமாக ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கு தவிர வேறெதுவும் வேகாத அடுப்பு.

மூன்று பலகைகளுக்கு ஊபி மாவைக் காய்ச்சிப் பசை போட்டாள். நோட்டு வைத்த நான்காவதற்கு மட்டும், சைக்கிள் டியூப் ஒட்டுவதற்காகப் பொத்தி வைத்திருந்த சொல்யூஷன் டப்பாவைச் சுரண்டி எடுத்தாள். அது எந்த மழையிலும் விடக் கூடாது. பிறகு, கை பழகிய பழக்கத்தில், நான்கிலும் எழுதினாள்: சின்னையா.

மறுநாள் பாலிக் புலாவ் போகும் வழியில் சிப்பாய்கள் கந்தப்புவை இறக்கிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆபீசருக்குக் கார் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவர் நடந்தே வந்து சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயா, பின்னால அவரு பேரை எழுதிட்டேனே."

"எழுதினனீங்களே?" என்றார் கந்தப்பு.

ஒரு மாதம் போனது. வாசலில் எந்த வண்டி நின்றாலும் ருக்குமணி புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். நன்றாக இருக்கிற ஆளே அவர்கள் அடிக்குத் தாங்குவதில்லை.

அடைமழை ஓய்ந்த ஒரு காலையில் அந்த ஆபீசரின் டிரைவர் ஹபீப் முகம்மது வந்தான். கக்கத்தில் மூன்று பலகைகள்.

"சின்னையாங்கிறது யாரு? பின்னாடி பேரு பார்த்தேன். நல்லவேளை நான் தமிழ் படிச்சவன்." துணி தொங்கிய மூலையை ஆட்டிக் காட்டினான். "பசை போட்டீங்களா, கஞ்சி ஊத்தினீங்களா அண்ணே? நாய் நாக்கு மாதிரி தொங்குது லா!"

"ஊபி தம்பி அது. வயித்துலயே நிக்க மாட்டேங்குது, பலகையில எங்க நிக்கும்?" என்றான் சின்னையா.

மாற்றுவதற்கு டிரைவர் பச்சைக் கான்வாஸ் கொண்டுவந்திருந்தான். ருக்குமணி அதை விரித்துப் பார்த்தபடியே கேட்டாள். "நாலாவது எங்க தம்பி?"

"அது கல்லு மாதிரி இருக்கு. தொட வேணாம்னுட்டாரு ஆபீசர்."

"மூணு பச்சை, ஒண்ணு காப்பிக் கலர். கதவைத் திறக்கிறப்ப கண்ணுல பட்டா யாரை அறைவாரு? எங்களையா, பக்கத்துல நிக்கிற உன்னையா?" என்றாள் ருக்குமணி.

ஹபீப் முகம்மதுவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. மறுநாள் மத்தியானமே நான்காவது பலகை வந்தது.

சொல்யூஷன் லேசில் விடவில்லை. கத்தியை நுழைத்து உரித்தாள். பஞ்சுக்குள் நோட்டு வைத்தபடியே இருந்தது. அதை அடுப்பில் போட்டாள். நான்கு பலகைகளிலும் இருந்த பெயரைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினாள். பச்சைத் துணியை இழுத்து ஒட்டி, ஓரமெல்லாம் ஆணியும் அடித்து முடிக்கும்போது, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

ஹபீப் முகம்மது வந்து பலகைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"பேரு எங்க அக்கா? கண்டிப்பா பேரு போட்டு வாங்கிட்டு வரச் சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினான். "கெரெத்தாக்காரரு, காருக்குச் சொந்தக்காரரு, அந்தச் சிலோன்காரரு, முந்தாநாள் பிடிச்சிட்டாங்க. வீட்டுல ரேடியோவாம். அவரு காரைத் தொட்டவங்க எல்லாரையும் விசாரிக்கப் போறாங்க. பேரு இல்லேன்னா என்னைத்தான் கேப்பாங்க."

சின்னையா பாயிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினான். அது அவன் விரல்களுக்கிடையே ஆடியது.

"எழுது" என்றான்.

அவள் வாங்கி, நான்கிலும் எழுதினாள். டிரைவர் குனிந்து படித்தான்.

"ருக்குமணியா? அண்ணே பேருதானே முன்ன இருந்துச்சு?"

"அந்தக் கையைப் பாரு தம்பி. அது ஆணி அடிச்சுதுன்னா எவன் நம்புவான்? செஞ்சது நான்."

"அடிப்பாவி" என்று எழுந்தான் சின்னையா. கால் நிற்காமல் மறுபடி உட்கார்ந்தான். அதற்குள் பலகைகளோடு வண்டி போய்விட்டது.

மூன்றாம் நாள் சிப்பாய்கள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். பலகைக்குள் என்ன இருந்தது என்று கேட்டார்கள். பஞ்சு என்றாள். வேறென்ன? ஊபி மாவு, தண்ணீர், உப்பு. ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். ஒன்பதாம் நாள் விட்டார்கள். கந்தப்பு வரவேயில்லை. அவர் அவள் பெயரைச் சொல்லியிருந்தால் அவளும் வந்திருக்க மாட்டாள்.

அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை. அடுத்த மாதம் ஒரு லாரிக் கதவு வந்தபோது சின்னையாதான் கத்திரியை எடுத்தான். வெட்டு கோணிக்கொண்டு போனது.

"மூலையில மடிக்காதீங்க. வெட்டிட்டு இழுங்க" என்றாள் பாயிலிருந்து.

முடிக்க நான்கு நாள் ஆனது. பலகையைத் திருப்பிவைத்துக்கொண்டு அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பென்சில் பிடிக்க வராது; அவனுக்கு எழுத வராது. அப்படியே கொடுத்தனுப்பினார்கள்.