பன்னிரண்டுக்கு ஒன்று: சிம்பாங் பூலாய் தோட்டத்து மண்டபத்தில் இரண்டு நாள்

போன பள்ளி விடுமுறையில், ஒரு சனி ஞாயிறு, ஈப்போ பக்கம் போய் வந்தேன். குகைக் கோயிலும் வெள்ளைக் காப்பியும் இந்தப் பதிவில் கிடையாது. நான்காம் படிவத்தில் படிக்கும் பதினாறு வயது மாணவர்கள் ஒன்பது பேரோடு சேர்ந்து மரத்தில் ஒரு சாய்தளம் கட்டப் போனேன். இதுபோல் வகுப்பு நடத்தக் கிளம்பும் பொறியாளர்கள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அழைத்தவர் மேரி அக்கா. முன்னாள் ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறவர். "பிள்ளைங்களுக்கு என்ஜினியர்னா என்ன வேலைன்னே தெரியல லா. வந்து படம் காட்டிப் பேசிட்டுப் போறவங்க நெறைய பேரு. நீங்க கையால எதாச்சும் செய்ய வைங்க," என்றார் தொலைபேசியில்.

பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, ஒரு விபத்துக்குப் பிறகு அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்று. மண்டப வாசலில் இரண்டு படிகள். தினமும் இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். அப்படியானால் சாய்தளமே கட்டலாமே என்றேன். "எனக்காகன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க. வேலைன்னு சொல்லுங்க," என்றார்.

தரையிலிருந்து வாசல் உயரம் 36 சென்டிமீட்டர் என்று அளந்து அனுப்பினார்கள். ஒரு சென்டிமீட்டர் ஏற பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் செங்குத்தானால் தனியாக ஏறுவது சிரமம். கணக்குப்படி 4.32 மீட்டர். பெட்டாலிங் ஜெயாவில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வாசலிலிருந்து நேராக இறங்கும் சாய்தளம் ஒன்றை வரைந்தேன். பதினெட்டு வருடமாகச் செய்யும் வேலை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். ஒரு வழிக்கு நாற்பது ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒன்பதரைக்கு ஈப்போ. வேனோடு காத்திருந்தவர் சேகரன் அண்ணே. இரண்டு நாளுக்கும் சேர்த்து 120 ரிங்கிட்.

"பெரிய ரோட்டுல கல்லு லாரி வரிசையா நிக்கும் மா. பழைய ரோட்டுல போலாம்," என்றார். சிம்பாங் பூலாய் வரை பதினான்கு கிலோமீட்டர், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே. ரப்பர் போய், இப்போது எல்லாம் பாமாயில் தரும் செம்பனை. வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தை அடையும்போது மணி பத்தே முக்கால்.

மரம் முன்பே வந்து இறங்கியிருந்தது. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தேன். ஒன்று மரத்தை அறுக்க, ஒன்று துளையிட, ஒன்று மட்டம் பார்க்க. மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதிலிருந்து தரையை அளந்தால் போதும். அந்தக் குழுவில் இருந்தவள் தர்ஷினி. நான் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண்.

பதினொன்றரைக்கு என் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அந்தக் கோடியில தரை பதினாலு சென்டி எறங்கிப் போகுது."

"குழாய்ல காத்து இருக்கும். தட்டிட்டு இன்னொரு தடவை பாரு," என்றேன், நிமிராமலே.

அவள் போனாள். கால் மணி நேரம் கழித்து வந்தாள். "மூணு தடவ பாத்துட்டேன். பதினாலுதான். அப்ப ஒசரம் முப்பத்தாறு இல்ல டீச்சர், அம்பது. நீங்க வரைஞ்ச நீளத்துக்குப் பன்னெண்டுக்கு ஒண்ணு வராது. ஒம்போதுக்கு ஒண்ணுகூட வராது."

எழுந்து போய்ப் பார்த்தேன். முன்வாசல் தரை, மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வடிகால் பக்கம் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. படியடியில் மட்டும் அளந்த ஒரே எண்ணை நம்பி நான் வரைந்திருக்கிறேன். ஐம்பது சென்டிமீட்டருக்கு ஆறு மீட்டராவது வேண்டும். ஐந்தாவது மீட்டரிலேயே வடிகால். இரண்டு நீண்ட சட்டங்களை ஏற்கெனவே அறுத்தாகிவிட்டது. ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மேரி அக்கா மண்டபத்துக்கு வெளியே நாற்காலியில் இருந்தபடி வேறெங்கோ பார்த்தார்.

"தப்பு என்னுது. தர்ஷினி சரியாச் சொல்லுது," என்றேன்.

"அப்ப கட்ட முடியாதா?" என்றான் ஒரு பையன்.

தெரியவில்லை என்றே சொன்னேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி நடந்தோம். தர்ஷினியின் குழு குழாயைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக அளந்துகொண்டே போனது.

"இங்க எறங்கவே இல்ல!" என்று கத்தினாள். மண்டபத்தின் முன்சுவரை ஒட்டி ஐந்தரை மீட்டருக்குத் தரை சமமாக இருந்தது. வாசலில் படிகளை மூடி ஒரு மேடை, அதிலிருந்து சுவரோரமாகத் திரும்பி இறங்கும் சாய்தளம். உயரம் பழைய முப்பத்தாறுதான். அறுத்த சட்டங்களும் வீணாகவில்லை. மேடைக்கு மட்டும் மரம் குறைந்தது.

சிம்பாங் பூலாய் மரக்கடை ஐந்து மணிக்கு அடைத்துவிடும், ஞாயிறு திறக்காது. மேடைக்கான படத்தை வரைந்து கணக்குப் போட்டு முடிக்கும்போது மணி நாலே கால். இம்முறை ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பேர் சரிபார்த்தார்கள். சேகரன் அண்ணே வேனை உறுமவிட்டபடி, "நா போன் அடிச்சிட்டேன் லா. கடைக்காரத் தவுக்கே அஞ்சு மணி வரைக்கும்தான் இருப்பாராம், சீக்கிரம்!" என்றார். நாலு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் பலகைகளை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை எட்டிலிருந்து வேலை. இவர் அறுப்பவர், அவர் அளப்பவர் என்ற பிரிவு அன்றைக்கு இல்லை. ஒன்றரை மணிக்குக் கடைசி ஆணி. முதலில் நானும் சேகரன் அண்ணேயும் ஏறிக் குதித்துப் பார்த்தோம். ஆடவில்லை.

மேரி அக்கா வந்ததும் இரண்டு பையன்கள் நாற்காலியின் பின்னால் ஓடினார்கள். "யாரும் தொட வேணாம்," என்றார். சக்கரத்தைத் தள்ளி ஏறத் தொடங்கினார். பாதியில் நின்றார். கைகளை உதறிக்கொண்டார். நான் தர்ஷினியைப் பார்த்தேன்; அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தாள். மறுபடி தள்ளினார். மேடைக்கு வந்து, திரும்பி, வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார். கைதட்டினோம். அவர் திரும்பவில்லை. விசிறியைப் போட்டார், ஜன்னலைத் திறந்தார்.

அப்புறம்தான் எங்களைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து கிளாஸ் நாலு மணிக்கு. ஆறு மணி இல்ல. புரிஞ்சுதா?"

பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள். இதுவரை ஏன் ஆறு மணி என்று கேட்டேன். தூக்கிவிடும் இருவரும் தொழிற்சாலை வேலை முடிந்து வருவதே அந்த நேரத்துக்குத்தானாம்.

ஐந்து மணி ரயிலில் திரும்பும்போது, அந்தப் பதினான்கு சென்டிமீட்டரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி இரண்டாவது முறை வராமல் போயிருந்தால், அழகான ஒரு சாய்தளத்தைக் கட்டிக் கொடுத்து, அதில் அவரைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். வாடகைக் கார் உள்ளே வந்து விட்டுவிடும், திரும்ப அழைக்க வராது. ஈப்போவிலேயே வேன் பேசிக்கொள்ளுங்கள். மதியம் மழை வரலாம், மரத்தை மூடத் தார்ப்பாய் வேண்டும். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். அளவெடுக்கும் வேலையை மாணவர்களிடமே கொடுங்கள், நீங்கள் அளந்து வைத்ததையும் சேர்த்து. யாராவது வந்து கணக்குத் தப்பு என்றால், முதல் தடவையே நிமிர்ந்து பாருங்கள்.