ஓடாத இறால்

எங்கள் வயலை ஒட்டிப் போகும் கால்வாய் பழவேற்காடு ஏரியில்தான் கலக்கிறது. போன சம்பாவில் பூச்சிமருந்து அடித்து முடித்ததும், டேங்கில் மீந்ததைக் கால்வாயில் கொட்டி, அங்கேயே கழுவினேன். பல வருஷமாக அப்படித்தான். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பு.

மறுநாள் காலை செல்வி வந்தாள். ஏரியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து விற்பவள். இரண்டு கையும் வேண்டும் என்பதால், இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் பிடிப்பாள்.

"இன்னிக்கு எறா ஓடவே இல்லக்கா. கைய வெச்சா அப்படியே வந்துச்சு," என்று என் மனைவியிடம் சொல்லி, அவள் நீட்டிய முறத்தில் தாராளமாக அள்ளிப் போட்டாள். "உதடுதான் எரிஞ்சிக்கினே இருக்குது."

"எங்கம்மா புடிச்சே?" என்றேன்.

"உங்க கால்வா வந்து வுழுற எடத்துலதாண்ணா."

மனைவி கையிலிருந்த முறத்தைப் பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். "வர்ற வழியில நாலு வூட்டுக்குப் போட்டுட்டேண்ணா," என்றாள் செல்வி.

ஓடினோம். மூன்று வீட்டில் திரும்ப வாங்கிவிட்டோம். நாலாவது வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வாந்தியோடு கிடந்து பிழைத்தார்கள்.

இப்போது டேங்கைக் கழுவிய தண்ணீரையும் என் பயிருக்கே அடித்துவிடுகிறேன். செல்வி ஏரிக்குப் போகுமுன், "மருந்து அடிச்சீங்களாண்ணா?" என்று கேட்கிறாள். கால்வாயில் எதுவும் விடவில்லை என்கிறேன். கால்வாய் வரும் வழியில் எனக்கு மேலே இருக்கும் வயல்களைப் பற்றி அவள் கேட்பதில்லை. பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறாள்.