பொட்டுக்கு அடியில் அப்பா

போன வியாழக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கையில் மஞ்சள் பை. பைக்குள் அப்பா.

மகளுக்குக் கல்யாணம். பேனர் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பேனர்களில், மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருந்து செத்துப்போன தாத்தா ஆசீர்வதிப்பார் — பார்த்திருப்பீர்கள்.

"எல்லார் வூட்டு பேனர்லயும் பெரியவங்க இருக்காங்க. நம்ம வூட்டுக்கு மட்டும் இன்னா கேடு? கண்ண மூடறதுக்குள்ள அவரு மூஞ்ச பெருசா ஒருக்கா பாத்துடணும்டா." அம்மா ஒரே பிடிவாதம்.

அப்பாவுக்கு இருப்பது ஒரே படம். கறுப்பு வெள்ளை. முழுக்கக் கடல்... கரடுமுரடான பாறைகள், நுரை. கடலோரத்தில் கல் உடைக்கப் போனவரை அலை கொண்டுபோய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு வயது. சேதி சொல்ல வந்த மேஸ்திரி இந்தப் படத்தை நீட்டி, "அந்தப் பாறை மேல நிக்கறாரு பாரும்மா" என்றாராம்.

உளுந்து அளவு உருவம். நெற்றிக்கு என்று படத்தின் கண்ணாடி மேல் அம்மா வைக்கிற குங்குமம் ஆளையே மூடிவிடும். நான் பார்த்து வளர்ந்தது அந்தப் பொட்டைத்தான்.

"இன்னாண்ணே, அப்பாவ கேட்டா கடல கொண்ணாந்துகிறீங்க?" ஸ்டுடியோக்காரர் சிரித்தார். கண்ணாடி மேலிருந்த பொட்டைத் துடைத்தார். படத்தைப் பிரித்து ஸ்கேன் செய்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்.

சிரிப்பு நின்றது.

"அண்ணே... இது ஆளு இல்லண்ணே. இதுவும் பாறைதான். தனியா துருத்திக்கினு நிக்குது."

இன்னும் பெரிதாக்கினார். தலை என்று நினைத்த இடத்தில் ஒரு விரிசல். படம் முழுக்கத் தேடினோம். மனிதர் என்று ஒருவர்கூட இல்லை.

"வுடுங்கண்ணே. உங்க மூஞ்சியவே வயச கம்மி பண்ணி வெச்சுடறேன். அப்பாவும் புள்ளயும் ஒரே ஜாடைதான?"

ஜாடையா? அதை நான் எதில் பார்த்துத் தெரிந்துகொள்வது?

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரி பொய் சொன்னாரா? அழுகிறவளிடம் ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கையில் கிடைத்ததைக் கொடுத்தாரா? கேட்க அவரும் இல்லை. அப்பா அந்தப் படத்திலாவது இருந்தார். இனி எங்கேயும் இல்லை.

வாசலிலேயே அம்மா. "இன்னாடா சொன்னான்? மூஞ்சி தெரியுதா?"

உண்மையைச் சொல்ல வாய் வருமா?

"பெருசாக்குனா கலங்கிப் போவுதாம்மா."

அம்மா படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னார். "வெறும் நெத்தியா நிக்கறாரு பாரு. இன்னிக்கி நீ வைடா."

குங்குமத்தைத் தொட்டுப் பாறைக்கு வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேலடா... அது மூக்கு."

அழித்துவிட்டு, விரிசல் மேல் சரியாக வைத்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தயவுசெய்து யாரும் இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.