மூன்று அமெரிக்கப் பிக்கப்பும் செல்வியின் றோல்ஸ் வண்டியும்: ஷோனெஃபெல்டிலிருந்து டோர்ட்மண்ட் வரை

இந்தப் பயணத்தில் என்னென்ன நடக்கும் என்று புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன்பே நான் சொல்லியிருந்தேன். எந்த வண்டி நன்றாக இழுக்கும், எது பின்பக்கம் குந்தும், எங்கே ஆபத்து வரும், எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்பது வரை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "போக முந்திச் சொல்லுறதை விட்டுட்டு வந்தாப் பிறகு சொல்லுங்கோ" என்றார். வந்துவிட்டேன். சொல்கிறேன்.

நடந்தது 2007 வைகாசியில், ஒரு வியாழக்கிழமை. டோர்ட்மண்டில் இருக்கும் செல்வி எனக்குத் தங்கச்சி முறை, மன்னார்ப் பிள்ளை. பதினான்கு வருடம் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். 2006 தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். கணவருக்கு முதுகில் ஒப்பரேசன் நடந்து, பாரம் தூக்க ஏலாமல் வீட்டில் இருக்கிறார். ஆகவே கிழமைச் சந்தையில் றோல்ஸ், வடை, கொத்துரொட்டி விற்பதென்று முடிவெடுத்து, இடம் கேட்டுப் பதினொரு மாதம் காத்திருந்தாள். இடம் கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. சந்தை அலுவலகம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குறித்த டெர்மினுக்கு, விற்பனை வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் வாங்கியிருந்த வண்டி நின்றது பெர்லினுக்குத் தெற்கே, ஷோனெஃபெல்டுக்குப் பக்கத்தில். பக்கவாட்டில் பலகை திறக்கும் விற்பனை அன்ஹெங்கர், அதாவது இன்னொரு வாகனம் இழுத்துப் போக வேண்டிய வண்டி. எண்ணெய்ச் சட்டி, அடுப்பு எல்லாம் சேர்த்து 1,900 கிலோ. இழுத்துத் தருவதாகச் சொன்ன ஆள் திங்கட்கிழமை கையை விரித்துவிட்டார். செல்வியின் லைசன்ஸ் புதியது, இவ்வளவு பாரம் இழுக்க அது காணாது. என்னுடையது பழைய மூன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஜெர்மன் அரசாங்கம் கொடுத்த மிகப் பெரிய பட்டம் அதுதான். அவள் தொலைபேசி எடுத்ததும், "கவலைப்படாதை பிள்ளை, ஜெர்மனியிலை வாகனம் தெரிஞ்ச தமிழாக்கள் மூண்டு பேர்தான். மற்ற ரெண்டு பேரையும் பழக்கினது நான்" என்றேன்.

அவள் டோர்ட்மண்டில் ஏறி வந்த ரயிலில் நான் பீலெஃபெல்டில் காலை 6.38க்கு ஏறினேன். பெர்லின் 9.15. அங்கிருந்து நகர ரயிலில் நாற்பது நிமிடத்தில் ஷோனெஃபெல்ட். 1985இல் ஒரு கைப்பையோடும், எனக்குப் பெரிதான ஒரு கோட்டோடும் நான் வந்திறங்கிய இடம். அன்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற என்னை ஒரு கிழவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ரயிலில் ஏற்றிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நன்றி சொல்லாமல் என்னால் அந்த நிலையத்தைத் தாண்ட முடியாது, இந்த முறையும் மனதுக்குள் சொன்னேன்.

அன்ஹெங்கரை விற்ற ஊவே ஒரு பழைய கூட்டுப்பண்ணை வளவில் அமெரிக்கப் பிக்கப் வாகனங்களை இறக்கி விற்கிறார், வாடகைக்கும் விடுகிறார். ஒரு நாளுக்கு 90 யூரோ, எந்த வண்டி என்றாலும் ஒரே விலை. நம் ஊர் பிக்கப்பை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது ஆறு மீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஏறுவதற்குப் படி வேண்டும். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நின்றன. நான் இயந்திரங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியதும் ஊவே அசந்துபோய், "மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்" என்றார். செல்வி பிறகு, அவர் யாரிடமும் அப்படித்தான் சொல்வாராம் என்றாள். அது வேறு கதை.

வளவுக்குள் ஒரு கிலோமீற்றருக்கு நேரான கொங்கிரீட் பாதை இருந்தது, கடைசியில் மணல் குழிக்கு ஏறும் ஒரு மேடும் இருந்தது. பரீட்சைக்கு அது போதும். வாகனத்தின் பின்னால் ஒரு சதுரக் குழாய், அதற்குள் செருகும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஓர் உருண்டை. அன்ஹெங்கரின் கவ்வி அந்த உருண்டையைக் கவ்வும். ஊவேயிடம் ஜெர்மன் அளவு உருண்டை ஒன்றுதான் இருந்தது. அதை மூன்று வண்டியிலும் மாற்றி மாற்றிச் செருகித் தந்தார். நான் ஒவ்வொன்றையும் அறுபதில் ஓட்டி வந்து, செல்வி கையைத் தாழ்த்திய இடத்தில் பிறேக் போட்டேன். நின்ற தூரத்தை என் காலடியால் அளந்தேன். என் காலடி சரியாக எண்பது சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு எட்டு சிலிண்டர் பெற்றோல், எரிவாயுவும் பூட்டியது. சத்தம் அருமை. மேட்டில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. பிறேக் போட்டால் இடது பக்கம் இழுத்தது. நின்றது முப்பத்தாறு காலடியில். கதவைச் சாத்தினால் பழைய பிஸ்கட் டின் மூடுகிற சத்தம். கீழே படுத்துப் பார்த்தேன், வண்டியின் அடிச்சட்டத்தில் துரு விரல் நுழைகிற அளவுக்கு. ஒரு வண்டியை வைத்து மற்றதைச் சொல்லக் கூடாது, இது பதின்மூன்று வருடம் உழைத்தது.

கறுப்பு இருப்பதிலேயே புதியது. தோல் இருக்கை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு. பிறேக் மூன்றிலும் சிறந்தது, இருபத்தொன்பது காலடி. ஆனால் அன்ஹெங்கரைக் கொழுவியதும் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் நிமிர்ந்துவிட்டது. செல்வி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அண்ணை, இது முட்டையிடக் குந்தின கோழி மாதிரியெல்லோ நிக்குது" என்றாள். மெத்தென்று ஓடுவதற்காகப் பின் ஸ்பிரிங் தகடுகளை மெலிதாகப் போட்டிருக்கிறார்கள். முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் திருப்புவது கைக்கு லேசாகப் போகும். இழுவைக்கு அது நல்லதல்ல.

வெள்ளை ஆறு சிலிண்டர் டீசல். இருக்கை கிழிந்து, கைப்பிடி தேய்ந்து, பார்க்க ஒரு அழகும் இல்லை. ஸ்டார்ட் பண்ணினால் உழவு மெசினின் சத்தம். ஆனால் கொழுவியதும் ஒரு அங்குலம்கூடத் தாழவில்லை. மேட்டில் பின்னால் வண்டி இருப்பதையே மறந்துபோனேன். பிறேக் முப்பத்திரண்டு காலடி, ஆனால் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. சட்டம் என் கை அகலத்துக்குத் தடிப்பு. தட்டினால் கோயில் மணியின் அடிப்பகுதியைத் தட்டியது போல் சத்தம்.

பகல் பன்னிரண்டரை ஆகிவிட்டது. படம் எடுக்க நன்றாக இருக்கும் என்பதால் கறுப்பையே எடுப்பதென்று இருந்தோம். ஊவே பத்திரம் எழுத உள்ளே போனார். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர், கறுப்பு வண்டியின் பெட்டிக்குள் கிடந்த, குரோம் பூசிய மினுங்கும் இழுவைக் கையை எடுத்துச் செருகி, அன்ஹெங்கரையும் கொழுவிவிட்டார். வண்டிக்கும் அதற்கும் நல்ல பொருத்தம். டக்கென்று பூட்டுகிற சத்தமும் கேட்டது.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒரு வாகனம் எடுத்தால் பதக்கம் கட்டாமல் சக்கரத்தை உருட்ட மாட்டார்கள். செல்வி மடுமாதா பதக்கம் ஒன்று நீல நூலோடு கொண்டுவந்திருந்தாள். அதைக் கவ்வியின் கைப்பிடியில் கட்டலாம் என்று நான் முழங்காலில் குனிந்தேன். அப்போதுதான் என் கண்ணில் பட்டது. கவ்வியின் பக்கத்தில் ஒரு சின்ன முள் இருக்கிறது. சரியாகக் கவ்வியிருந்தால் பச்சையில் நிற்க வேண்டும். அது பச்சையைத் தாண்டிச் சிவப்பில் நின்றது. அமெரிக்க உருண்டைகள் அங்குலக் கணக்கு. ஜெர்மன் கவ்விக்கு ஐம்பது மில்லிமீற்றர் வேண்டும். அந்த மினுங்கும் உருண்டை அதைவிட இரண்டு மில்லிமீற்றர் சொச்சம் சிறியது. பூட்டியது போல் இருக்கும், வளவுக்குள் இழுத்தாலும் வரும், பெருந்தெருவில் ஒரு பள்ளத்தில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும்.

"இதோடை போகேலாது, கழட்டுங்கோ" என்ற குரல் கேட்டு ஊவே ஓடிவந்தார். முள்ளைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனிதரின் முகம் வெளுத்தது. மினுங்கும் கையை உருவிக் கொட்டிலுக்குள் எறிந்தார். ஜெர்மன் உருண்டையை வெள்ளை வண்டியில் செருகித் தானே கொழுவினார். முள் பச்சையில் வந்து நின்றது. குந்துகிற கறுப்பு வளவிலேயே நின்றுவிட்டது.

1.10க்குப் புறப்பட்டோம். அன்ஹெங்கரோடு எண்பதுக்கு மேல் ஓடக் கூடாது. பெர்லினைச் சுற்றும் வளையத்தெருவில் ஏறி, பிறகு நேரே இரண்டாம் இலக்கப் பெருந்தெரு. மக்டபூர்க் கழிந்ததும் செல்வி மடியில் கைப்பையை வைத்தபடி சந்தையின் முதல் நாளுக்கு எத்தனை றோல்ஸ் சுற்றலாம் என்று கணக்குப் பார்த்தாள்.

"அண்ணை, முதல் நாள் இருநூறு காணுமோ?"

"நானே இருபது தின்னுவன். முந்நூறு சுத்து."

"நீங்கள் தின்னுறதுக்குச் சந்தையிலை எனக்கு இடம் தரேல்லை."

ஹனோவருக்குக் கொஞ்சம் முன்னால், 4.35க்கு, முன்னே போன லொறிகளின் அவசர விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. எல்லாம் நிற்கிறது. நான் முழுப் பிறேக் போட்டேன். பின்னாலிருந்து 1,900 கிலோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் தள்ளியது. விஞ்ஞானத்தில் இதற்கு ஏதோ பெயர் இருக்கிறது, நான் அந்த வகுப்பு வரைக்கும் போகவில்லை. பிறகு அன்ஹெங்கரின் சொந்தப் பிறேக் பிடித்தது. வெள்ளை நேராக, முன்னால் நின்ற லொறிக்கு ஒரு வண்டி நீளம் விட்டு நின்றது. அந்த லொறிக்குப் பக்கத்து நிரையில் நின்ற ஒரு சின்னக் காரின் பின்கண்ணாடியில் இரண்டு பிள்ளைத் தலைகள் தெரிந்தன.

பிறகு செல்வி மெதுவாக, "அண்ணை, அந்த மினுங்கிறதோடை வந்திருந்தா?" என்றாள்.

"வரேல்லைத்தானே" என்றேன். தண்ணீர்ப் போத்தலை அவள் திறந்து தந்தாள்.

6.30க்குப் பீலெஃபெல்டில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வண்டியும் அன்ஹெங்கருமாக மூன்று வீட்டு வாசலை மறைத்தது. மனைவி புட்டும் சம்பலும் தந்து, பிக்கப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கறுப்பிலை வந்து இறங்குவன் எண்டு சொன்னியள்" என்றார். நான் தேத்தண்ணி கேட்டேன். 7.00க்குப் புறப்பட்டு 8.35க்கு டோர்ட்மண்ட். இன்னும் வெளிச்சம் இருந்தது. செல்வியின் கணவர் இடுப்புப் பட்டியோடு தெருவில் நின்று, பின்னுக்கு எடுக்கக் கை காட்டினார். மொத்தம் 503 கிலோமீற்றர். டீசல் நூற்றுக்குப் பதினேழு லீற்றர், ஏறக்குறைய 99 யூரோ.

மறுநாள் பத்து மணிக்குச் சந்தை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி அடுப்பைப் பார்க்கவில்லை, பலகையைத் திறக்கவில்லை. முதலில் குனிந்து கவ்வியின் முள்ளைத்தான் பார்த்தார். பச்சை. பதக்கத்தை விரலால் தொட்டுவிட்டு, "இதுவும் பாதுகாப்புக்கா?" என்று கேட்டார். செல்வி ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். மற்றதையும் பார்த்து முடித்து முத்திரை குத்தியபோது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அதிகாரிக்கும், ஊவேக்கும், அழகில்லாத அந்த வெள்ளை வண்டிக்கும் நான் கடமைப்பட்டவன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். பழைய மூன்றாம் வகுப்பு லைசன்ஸ் இல்லாதவர்கள் அன்ஹெங்கர் பரீட்சை எழுதாமல் பாரம் இழுக்க வேண்டாம், பிடித்தால் பெரிய வில்லங்கம். பிக்கப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், சட்டத்தைப் பாருங்கள், பாரம் கொழுவிய பிறகு தள்ளி நின்று பின்பக்கம் தாழ்கிறதா என்று பாருங்கள். பிறேக்கில் தூரம் மட்டுமல்ல, நேராக நிற்கிறதா என்பதும் கணக்கு. அன்ஹெங்கரில் ஒரு மெல்லிய உருக்குக் கம்பி இருக்கும், வண்டி கழன்றால் அது இழுபட்டுப் பிறேக்கைப் பிடிக்கும். அதை மறக்காமல் மாட்டுங்கள். உருண்டையில் எழுதியிருக்கும் அளவை வாசியுங்கள், 50 என்று இருக்க வேண்டும். வாடகை வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட இன்னொரு நாளும் ஒரு ரயில் பயணமும் ஒதுக்குங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்துச் செல்விக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பதக்கம் கட்டக் குனிந்த இடம் வந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று கேட்டேன். "இல்லை அண்ணை, இருக்கிறன், வாசியுங்கோ" என்றாள். முடிந்ததும், "நல்லா இருக்கு, போடுங்கோ" என்றாள்.

"ஒண்டும் மாத்தத் தேவையில்லையோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் வராட்டி வண்டி வந்திராதுதானே."

அதற்குப் பிறகு நாலு நாள் இதைப் போடாமல் வைத்திருந்தேன். இதை வாசிக்கிற யாராவது, அனுபவசாலி கொழுவினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பெருந்தெருவில் ஏறிவிட்டால் அந்தப் பாவம் என் தலையில். அந்தச் சின்னக் காரின் இரண்டு தலைகளும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. ஆகவே சொல்லிவிடுகிறேன். முழங்காலில் குனிந்து பதக்கம் கட்டியது செல்வி. முள்ளைப் பார்த்ததும், கழட்டுங்கோ என்று சத்தம் போட்டதும் அவள்தான். அந்த நேரம் நான் கறுப்பு வண்டிக்குள் ஏறி, படம் எடுப்பதற்காகக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தேன். மினுங்கும் உருண்டையை மாட்டிய அந்த யாரோ ஒருவர், நான்.

மற்றதெல்லாம் நான் சொன்னபடியேதான் நடந்தது. காலடிக் கணக்கில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.