கட்டைவிரல் தண்டிச் செடிகள்

என் அறைச் சன்னலில் பதினோரு செடிகள் வந்து உட்கார்ந்தன. செடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் நாற்பது வருசம் மல்லிகைத் தோட்டம் பார்த்தவள் நான். எங்கள் ஊரில் இந்தச் சாதியெல்லாம் ஆடு தாண்டாமல் இருக்க வேலியோரம் கிடக்கும். திண்டுக்கல்லில் மகன் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்கிறேன், அதுகளுக்குப் பீங்கான் கிண்ணமும் கூழாங்கல் மெத்தையும்.

வாங்கி வந்தவள் மருமகள். “ராத்திரியில ஆக்சிஜன் விடும் அத்தை. உங்க இளைப்புக்கு நல்லது” என்றாள். போனில் போட்டிருந்ததாம்.

“இம்புட்டுக்கூண்டு செடி என்னத்த விடும் தாயி? அதுக்கே நாந்தான் மூச்சு விட்டுக் குடுக்கணும் போலருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. ஒரு செடியைக் கிள்ளிக் காட்டினேன், வெள்ளைப் பால் வந்தது. “இது கள்ளி. பால் கண்ணுல பட்டாப் பார்வைக்கே கேடு. வீட்டுக்குள்ள வைக்கிற சாமானா இது?” என்றேன். அலங்காரச் செடி என்று போன் சொல்லிவிட்டதாம். போன் எந்தக் காட்டில் வேலி கட்டியதோ!

“பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நான் தண்ணி விட்டுக்கிறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து நாள் பட்டினி போட்டு ஒரு செடியை வளர்ப்பதா? சோம்பேறித்தனத்துக்கு என்னென்ன பெயரெல்லாம் வைக்கிறார்கள். மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும் அரிசி கழுவிய தண்ணீரைச் சொம்பில் எடுத்துப் பதினொன்றுக்கும் ஊற்றினேன். மல்லிகைக்கு ஊற்றிப் பழகிய கை. அளந்து ஊற்றத் தெரியாது. தினமும் ஊற்றினேன். என் கண்ணெதிரே ஒரு செடி வாடினதாகப் பேச்சு வரக்கூடாது.

மாதம் ஒன்று போயிருக்காது. அறையில் ஊசின வாடை. கிண்ணத்தைச் சுற்றிப் பொடிக் கொசு. எனக்கோ படுத்தால் நெஞ்சில் விசில் அடித்தது; உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதாயிற்று. மூச்சுக்குத் தவிப்பது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

“உன் செடிதான் என் மூச்சை உறிஞ்சுது. அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றேன் மருமகளிடம்.

“ஏன் அத்தை, செடி உங்க மேல ஏறியா உட்கார்ந்திருக்கு?” என்று கேட்டுக்கொண்டே ஆட்டோவுக்குப் போன் போட்டாள். அவளுக்கும் நாக்கு உண்டு.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். செடியால் வந்த வினை என்றேன் அவரிடம். மருமகள் போனில் சன்னலைக் காட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“செடி விடுற காத்தால நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அது ரொம்பக் கொஞ்சம். ஆனா மண்ணு மேல பூஞ்சணம் வெள்ளையாப் பூத்திருக்கே, இளைப்புக்காரங்களுக்கு அது ஆகாது. இதுக்கு யாரு இம்புட்டுத் தண்ணி விடுறது?”

நான் சுவரில் இருந்த காலண்டரில் பிரதோசம் என்றைக்கு என்று பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். அன்றைக்கு இன்னும் அதிக நேரமானது.

“நான் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காதான் விடுறேன் சார். நான் வேலைக்குப் போனதும் அந்தச் சன்னல்ல மழைக் காலம் வந்துருது” என்றாள் மருமகள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பால் வருமே, அந்தக் கள்ளி?” என்று நான் விடாமல் கேட்டேன்.

“அதை வெளியே போட்டுருங்கம்மா. கண்ணுக்கு ஆபத்துதான்.”

“கேட்டுக்கோ” என்றேன் அவளிடம், கிடைத்த மூச்சையெல்லாம் சேர்த்து.

கள்ளியைக் கையில் கவர் மாட்டிக்கொண்டு நானே தூக்கிப் போட்டேன். ஏழு செடி அழுகிப் போயிருந்தன. மிச்சம் மூன்றுக்கு அவள் மண் மாற்றி மாடி வெயிலில் வைத்தாள். மருந்து இழுத்து இழுத்து, பத்து நாளில் படுத்துத் தூங்கினேன்.

பதினைந்தாம் நாள் காலையில் என்னிடம் வந்தாள். “அத்தை, மாடிக்கு வாங்க. இன்னைக்குத் தண்ணி விடுற நாள். நீங்களே விடுங்க” என்று என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள்.

பாட்டில் மூடி.

கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் பாய்ச்சிய கை இது. மூடியால் அளந்து ஊற்றினேன், செடிக்கு ஒரு மூடி. அவள் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.