என் ஓட்டு யாருக்கு விழுந்தது?

அபிராமபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் எங்களுக்கு வாக்குச்சாவடி. அரசுப் பணியில் இருந்தபோது பல தேர்தல்களை நடத்தியவன் நான். விதிகள் அத்தனையும் மனப்பாடம். வரிசையில் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்ததும் பொத்தானை அழுத்தினேன். பக்கத்து இயந்திரத்தின் சிறு ஜன்னலில் சீட்டு தெரிந்து, உள்ளே விழுந்தது. நான் போட்ட சின்னம் இல்லை என்று பட்டது. உடனே அலுவலரிடம் புகார் சொன்னேன்.

"எழுதிக் குடுங்க சார். எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கலாம். புகார் பொய்யின்னா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். இதே வாக்கியத்தை நானும் பலரிடம் சொன்னவன்தான்.

பேனாவை எடுத்தேன். கட்சி ஏஜென்ட் ஒருவர் சிரித்தார்.

"இன்னா சார், கண்ணாடி பாக்கெட்ல கீது, கம்ப்ளெயின்ட் வாய்ல கீது?"

வரிசையில் வியர்த்ததால் கழற்றி வைத்திருந்தேன். ஒன்றும் எழுதாமல் வெளியே வந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை. என் ஓட்டு யாருக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் காலை நடையில் யாராவது, "மெஷினை நம்பலாமா சார்?" என்று கேட்டால் விதிகளை ஒப்பிப்பதில்லை. "உங்க சீட்டைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்கிறேன்.