மைலேஜ் கூடிய மாதங்கள்

மாமா அந்தக் குழாயைக் கம்பத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். குமுளி வரைக்கும் அதைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்திருந்தாராம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்கவே மடியில் தூக்கி வைத்துக்கொண்டாராம். ஏதோ பழைய லாரியிலிருந்து கழற்றிய சைலன்சர் குழாய். நான் அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். தோள் வரைக்கும் போனது. வெளியே எடுத்தபோது கை முழுக்கக் கரி.

மாமா அம்மாவின் தம்பி. கம்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலமும் மனத்தில் ஒரு யோசனையும் இல்லாமல் வரமாட்டார். அதற்கு முந்தைய தடவை அடுப்படிப் புகையை வெளியேற்ற ஒரு பழைய மின்விசிறியை மாட்டிக் கொடுத்திருந்தார். அதன்பின் பக்கத்து வீட்டுப் புகையும் எங்கள் வீட்டுக்குள் வர ஆரம்பித்தது.

நாங்கள் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயத்தில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா ஒரு டீசல் பிக்கப் வைத்திருந்தார். விடியுமுன் மலையிறங்கிக் கம்பம் சந்தையில் காய்கறியும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு, குமுளி வழியாக மேலே வந்து எஸ்டேட் கடைகளுக்குப் போடுவார். இறங்கும்போது வண்டி சும்மா உருளும். ஏறும்போதுதான் டீசலைக் குடிக்கும். டீசல் விலையோ வண்டியைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

மாமா குழாயைத் தரையில் வைத்துவிட்டு விளக்கினார். "அத்தான், வண்டியும் மனுசன் மாதிரிதான். மூச்சு விடுத ஓட்டை சின்னதா இருந்தா திணறும். திணறுனா டீசலை அள்ளிக் குடிக்கும். ஓட்டையைப் பெருசாக்கிட்டோம்னு வைங்க, மைலேஜ் தானா கூடிரும்."

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "ஒனக்குந்தான் மூக்கு பெருசா இருக்கு. சோறு கொறச்சலாவா திங்குத?"

அப்பா சிரித்தார். ஆனால் மறுப்பு சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய சைலன்சர் கழன்றது, பெரிய குழாய் ஏறியது. வண்டியை முதலில் கிளப்பியபோது லயத்து நாய்கள் எல்லாம் தேயிலைக்குள் ஓடின. அன்று சாயங்கால ஆராதனையில் அப்பா வண்டியோடு சர்ச் வாசலைக் கடந்தபோது, உபதேசியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, சத்தம் வளைவு திரும்பும் வரைக்கும் கண்ணை மூடியபடியே காத்திருந்தாராம். ஒரு வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. எங்கள் வண்டி வருவது இரண்டு வளைவுக்கு முன்னாலேயே தெரியும்.

மைலேஜ் பார்ப்பது என் வேலை. நான் நாலாம் வகுப்பு. வகுத்தல் கணக்கு புதிதாகப் படித்திருந்தேன், கண்ணில் பட்டதையெல்லாம் வகுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் சந்தைக்குக் கூட்டிப்போவார். குமுளி பங்க்கில் டேங்க்கை வாய் வரைக்கும் நிரப்புவார். அடுத்த சனிக்கிழமை மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது, வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்வார். முன்கண்ணாடியின் உட்புறம் பனிமஞ்சு படிந்து வெளுத்திருக்கும். அதில் விரலால் எழுதி வகுப்பேன். முதல் வாரம் பதினொன்று வந்தது. குழாய் மாற்றுவதற்கு முன்னும் அதே பதினொன்றுதான்.

"புதுப் பைப்பு பாத்தியா, உள்ள கரி படிஞ்சு பழகணும்," என்றார் மாமா. என் தோள்வரை அப்பியிருந்த கரியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வருடம்தான் எஸ்டேட் நின்றது. முதலில் சம்பளம் தாமதமானது. பிறகு ஃபேக்டரிச் சங்கு ஊதுவது நின்றது. ஒருநாள் மேனேஜர் பங்களாவில் பூட்டுத் தொங்கியது. சங்கு இல்லாததால் காலையில் கூடுதலாகத் தூங்கலாம் என்று நாங்கள் பிள்ளைகள் சந்தோஷப்பட்டோம். ஆட்கள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போக ஆரம்பித்தார்கள். லயத்தில் ஒன்று விட்டு ஒன்று பூட்டிய கதவுகள். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பாத்தி பிரித்துக்கொண்டு கொழுந்து பறித்து, வாங்க வருகிற வியாபாரியிடம் போட்டு, அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான் போனாள்.

கடைக்காரர்கள் அப்பாவிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். வண்டியில் ஏற்றுகிற மூட்டைகள் குறைந்தன. முன்பெல்லாம் சந்தையிலிருந்து திரும்பும்போது என் காலடியில்கூடக் கத்தரிக்காய் மூட்டை கிடக்கும். காலை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு வருவேன். இப்போது கால் நீட்ட இடம் கிடைத்தது. பிறகு பின்பக்கமே பாதி காலியாகி, அந்த இடத்தைத் தார்ப்பாய் மூடிக்கொண்டது. வீட்டில் அப்பா, சரக்கெல்லாம் டவுனிலேயே இறங்கிவிட்டது என்பார். அம்மாவும் சரி என்பாள்.

மைலேஜ் பன்னிரண்டானது. பிறகு பதின்மூன்று. ஒரு சனிக்கிழமை பதினான்கு வந்தது. நான் கண்ணாடியை முழங்கையால் துடைத்துவிட்டு மறுபடி வகுத்துப் பார்த்தேன். பதினான்குதான். சத்தம் போட்டுச் சொன்னேன். அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாத்தான் போட்டிருக்க," என்றார்.

மாமாவுக்கு விஷயம் போனதும் ஒரு பை நிறைய மிக்சரும் அல்வாவுமாக வந்து சேர்ந்தார். அந்த எண்ணை என் வாயால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். அடுத்த வாரமே பட்டறை வேலையை விட்டுவிட்டார். குமுளி ஸ்டாண்டில் நிற்கிற பிக்கப்காரர்களிடம் எல்லாம் எங்கள் வண்டியைக் காட்டிப் பேசினார். மூன்று பேர் குழாய் மாற்றிக்கொண்டார்கள். வேலையை விட்டதைக் கேள்விப்பட்டபோது அப்பா சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"பாத்துச் செய் மாப்ளே," என்றார்.

மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, சந்தையிலிருந்து ஏறி வந்து குமுளி ஸ்டாண்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே மாமாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கட்டப்பனைப் பக்கம் வாழைத்தார் ஏற்றுகிற ஒரு டிரைவர் மாமாவின் சட்டையைப் பிடித்திருந்தார். பெரிய ஆள், குரலும் பெரியது. குழாய் மாற்றியபின் அவர் வண்டிக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை, ஏற்றத்தில் இழுவைதான் குறைந்துபோயிற்று, மூன்று பேரையும் இவன் ஏமாற்றிவிட்டான் என்றார். மாமா எங்களைப் பார்த்ததும் கரை கண்டவர் போலக் கையை நீட்டினார்.

"அதோ எங்க அத்தான் வந்துட்டாரு. அவருகிட்டயே கேளுங்க. பதினாலு குடுக்குது."

எல்லாரும் திரும்பினார்கள். அப்பா வண்டியிலிருந்து இறங்கினார்.

"நெசமாண்ணே?" என்றார் அந்த டிரைவர்.

"கூடிச்சு," என்றார் அப்பா.

"என்ன லோடு ஏத்துனீங்க?"

அப்பா சாவியை விரலில் சுழற்ற ஆரம்பித்தார். அந்த ஆள் நம்பாதது எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "நாந்தான் கணக்குப் போட்டேன். பதினாலு. வேணும்னா இப்பவே போட்டுக் காட்டுதேன்," என்றேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்த் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினார். உள்ளே ஒரு வெங்காய மூட்டையும், ஒரு கூடை தக்காளியும், அது உருளாமல் இருக்க முட்டுக்கொடுத்த ஒரு கல்லும் இருந்தன. மழைத் தண்ணீர் அவர் கையில் வழிந்துகொண்டிருந்தது. தார்ப்பாயை இறக்கிவிட்டுக் கயிற்றை, இருந்ததைவிட இறுக்கமாகவே கட்டினார். மாமாவின் கசங்கிய சட்டைக் காலரை ஒரு கையால் நீவிவிட்டார். குழாய் மாற்றிய மற்ற இருவரிடமும், "வாங்கடே, போவலாம்," என்றார். அவர்கள் ஏன் என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் போனார்கள்.

மாமா வண்டியின் பின்னால் போய் அந்த முனையை மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் அத்தான்."

"சொன்னா நெசமாயிரும் மாப்ளே," என்றார் அப்பா.

மாமா எங்களோடு வரவில்லை. பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் சில நாளில் திருப்பூருக்குப் போனார். அந்த மழை விடுவதற்குள் அப்பா வண்டியை விற்றார். வாங்கினவர் குழாயை எடுத்துவிட்டுப் பழைய சைலன்சரை மாட்டித்தரக் கேட்டார், அப்பா மாட்டிக் கொடுத்தார். அடுத்த வருடம் நாங்களும் எங்கள் கதவைப் பூட்டிவிட்டு மாமா போன வழியே இறங்கினோம். இப்போது நானும் பனியன் கம்பெனிக்குப் போகிறவள்தான். அப்பா ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். எந்த வண்டியையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதெல்லாம் வரப்போவது அன்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீடு சேர்ந்ததும் அப்பா வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஓடினேன். அம்மா அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றியிருந்த நனைந்த படுதாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவ்வளவு பெரிய ஆள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டதையும், நாங்கள் ஜெயித்துவிட்டதையும் சொன்னேன்.

"தார்ப்பாயத் தூக்கிப் பாத்தாரா?" என்றாள் அம்மா.

"பாத்தாரு."

"உள்ள என்ன இருந்துச்சு?"

சொன்னேன். கல்லையும் சேர்த்தே சொன்னேன்.

அம்மா பாதி அவிழ்த்த படுதாவோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். வண்டியில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. அவரும் இறங்கி வரவில்லை. யாரோ ஒரு ஆள் நம் சரக்கைத் தொட்டுப் பார்த்ததில் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். அவர் ஒன்றையும் எடுக்கவில்லை, கயிற்றைக்கூட நன்றாகக் கட்டிவிட்டுத்தான் போனார் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.